பழைய காரைக் கட்டி மேய்ப்பது எப்படி?

நம் சங்கத்து நிகழ்ச்சிகளுக்கு வந்து நிற்கும் கார்களில் பல, வேறொருவர் ஓட்டிக் களைத்து விற்றபின் நம்மவர் கைக்கு வந்தவை. லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியவை. வீட்டு வாடகை, பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், ஊருக்கு அனுப்பும் பணம், வருஷத்துக்கு ஒரு தடவை குடும்பத்தோடு ஊர் போய்வரும் செலவு எல்லாம் போக மிச்சம் பிடித்து வாங்கிய வண்டிகள். இவை நடு ரோட்டில் நின்றுவிட்டால் மானம் போவது ஒரு பக்கம். அந்த மாத வரவு செலவுக் கணக்கே தடுமாறிப் போவது இன்னொரு பக்கம்.

"சார், இதை வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா?" என்று கடந்த ஒரு வருஷத்தில் நாலைந்து பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். வண்டியைப் பார்க்காமல் இதற்குப் பதில் சொல்வது ஜோசியம். ஆனால் பதிலைக் கண்டுபிடிக்கும் முறை ஒன்று உண்டு. அது நான் ரயில்வேயில் லோகோ பராமரிப்பில் கற்றது. முப்பது வருஷம் ஓடிய எஞ்சின் நாளைக்கும் ஓடுகிறதென்றால் அதற்குக் காரணம் அதன் ராசி அல்ல. எந்த உறுப்பை எத்தனை நாளில், எத்தனை கிலோமீட்டரில் பார்க்க வேண்டும் என்ற அட்டவணையும், என்ன பழுது, என்ன செய்தோம் என்று எழுதி வைக்கும் புத்தகமும்தான் காரணம். ஷெட்டுக்கு வரும் ஒவ்வொரு எஞ்சினுக்கும் ஓட்டுநர் எழுதிய பழுதுக் குறிப்பு இருக்கும். அதைப் படிக்காமல் ஸ்பானரைத் தொடமாட்டோம். நம் கார்களுக்கு இல்லாதது இந்தப் புத்தகம்தான்.

ஓர் உதாரணத்தோடு சொன்னால் விளங்கும். நாக்பூரில் எங்கள் குடியிருப்புக்குப் பக்கத்தில் வசிக்கும் ஒரு தம்பி 2010-ஆம் வருஷத்து ஆல்டோ வைத்திருக்கிறார். நான் பார்த்தபோது ஓடியிருந்தது 1,42,000 கிலோமீட்டர். அவருடைய அம்மாவுக்கு வாரம் இரண்டு நாள் டயாலிசிஸ். அது முடிந்து வெளியே வருகிறவரை ஆட்டோவுக்காக வெயிலில் நிறுத்தி வைக்க முடியாது என்பதற்காகவே வண்டி வாங்கினார். அந்த வண்டி ஒரு மே மாத மதியம், ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் வழியில், மேம்பாலத்தின் நடுவில் கொதித்து நின்றுவிட்டது. நாக்பூர் மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கிருக்கும் யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. அதற்கு முந்தைய 12 மாதங்களில் அவர் ரிப்பேருக்குக் கொடுத்திருந்தது ரூ. 41,000. இரண்டு பேட்டரி, ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார், இரண்டு தடவை ரேடியேட்டர் கழுவியது, ப்ளக், இன்னும் சில்லறைச் செலவுகள். இவ்வளவு செய்தும் வண்டி நின்றது. "துரதிர்ஷ்டம் பிடித்த வண்டி சார்" என்றார்.

அவரிடமிருந்த பில்களையெல்லாம் தேதிவாரியாக அடுக்கச் சொன்னேன். பல பில்களில் கிலோமீட்டர் எழுதப்படவில்லை. ஆனாலும் படம் தெரிந்தது. ஏழு தடவை மெக்கானிக்கிடம் போயிருக்கிறார். காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை என்று மூன்று தடவை, சூடேறுகிறது என்று இரண்டு தடவை, சிக்னலில் நின்றால் அணைந்துபோகிறது என்று இரண்டு தடவை. ஒரே பழுது மூன்று முறை வந்தால் அதை மூன்று பழுதாக எண்ணக் கூடாது. முதல் தடவையே காரணம் பிடிபடாத ஒரே பழுது அது. ஏழு தடவை செலவு செய்த இடத்தில் இருந்தது மூன்றே பழுதுகள்தாம்.

முதலில் காலையில் ஸ்டார்ட் ஆகாத விஷயம். பேட்டரி என்பது தண்ணீர்த் தொட்டி. ஆல்டர்னேட்டர் அதை நிரப்பும் மோட்டார். தொட்டி காலியாக இருப்பதைப் பார்த்ததும் தொட்டியையே மாற்றினால் என்ன பயன்? மோட்டார் ஏற்றுகிறதா, எங்காவது ஒழுகுகிறதா என்றல்லவா பார்க்க வேண்டும்? இதற்கு வேண்டியது சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு மல்ட்டிமீட்டர். பழைய கார் வைத்திருக்கும் ஒவ்வொரு வீட்டிலும் டார்ச் லைட்டைப்போல அது இருக்க வேண்டும் என்பது என் கட்சி.

வண்டி இரவு முழுக்க நின்றபின் காலையில் பேட்டரியின் இரு முனைகளுக்கிடையே அளந்தால் 12.6 வோல்ட் இருக்க வேண்டும். 12.2 என்றால் பாதி தீர்ந்துவிட்டது. எஞ்சினை ஓட்டிக்கொண்டே அளந்தால் ஏறக்குறைய 13.8 முதல் 14.4 வரை காட்ட வேண்டும். இதோடு நிறுத்தாமல் ஹெட்லைட், உள்ளே காற்றாடி இரண்டையும் போட்டுவிட்டு மறுபடி அளக்க வேண்டும். தம்பியின் வண்டியில் சும்மா ஓடும்போது 14.2, விளக்கும் காற்றாடியும் போட்டதும் 12.7-க்கு விழுந்தது. மாலை நேரத்தில் விளக்கும் ஏ.சி.யுமாக ஓட்டுகிறவர் வண்டியில் பேட்டரி நிரம்புவது எப்படி? ஆல்டர்னேட்டரைக் கழற்றினால் கார்பன் பிரஷ் தேய்ந்து நுனி மட்டும் மிச்சம். அதைச் சுழற்றும் பெல்ட்டும் பளபளவென்று கண்ணாடிபோல் தேய்ந்து தளர்ந்திருந்தது. பிரஷ், பேரிங், பெல்ட் மாற்றிக் கூலியோடு ரூ. 1,800. இரண்டு பேட்டரிக்கும் ஸ்டார்ட்டர் மோட்டாருக்கும் கொடுத்தது அதைப்போல் பல மடங்கு.

ஆல்டர்னேட்டர் சரியாக இருந்தும் பேட்டரி தீர்கிறதென்றால் எங்கோ ஒழுகுகிறது என்று பொருள். பாட்டுப் பெட்டி, பின்னால் பொருத்திய கேமரா, வெளியே வாங்கிப் போட்ட அலாரம் ஆகியவையே வழக்கமான குற்றவாளிகள். சாவியை எடுத்துக் கதவுகளைப் பூட்டிச் சிறிது நேரம் கழித்து, பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி, இடையில் மீட்டரை ஆம்பியரில் வைத்துப் பார்க்கலாம். 0.05 ஆம்பியருக்குள் இருந்தால் கவலையில்லை. 0.4 ஆம்பியர் என்று வைத்துக்கொள்ளுங்கள்; ஒரு நாளைக்கு 9.6 ஆம்பியர்-மணி. சிறிய காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நாலு நாள் தாங்காது. ஒரு வாரம் ஊருக்குப் போய்த் திரும்பினால் வண்டி கிளம்பாததன் ரகசியம் இதுதான். மீட்டர் இப்படி இணைந்திருக்கும்போது வண்டியை ஸ்டார்ட் செய்யலாகாது; மீட்டர் போய்விடும்.

பேட்டரி முனைகளில் பூத்திருக்கும் வெள்ளை, பச்சைப் பூஞ்சையைச் சமையல் சோடா கரைத்த வெந்நீர் ஊற்றிப் பிரஷ்ஷால் தேய்த்துத் துடைத்து, இறுக்கி, மேலே வாசலின் தடவுங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். ஏனென்றால் நெகட்டிவ் இணைந்திருக்கையில் பாசிட்டிவைக் கழற்றும் ஸ்பானர் வண்டியின் உடம்பில் பட்டால் தீப்பொறி பறக்கும். பேட்டரியிலிருந்து வண்டியின் உடம்புக்கும் எஞ்சினுக்கும் போகும் எர்த் பட்டைகளையும் கழற்றி உப்புத்தாள் போட்டு மாட்டுங்கள். பழைய வண்டிகளின் மின்சாரப் பேய்களில் பாதியை இந்த வேலையே ஓட்டிவிடும்.

அடுத்து, கொதிப்பு. இதைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் பழைய வண்டியைச் சாகடிப்பது பெரும்பாலும் இதுதான். ரேடியேட்டரின் மூடி வெறும் மூடி அல்ல. நம் சமையலறை குக்கரின் வெயிட் எதற்கோ அதற்குத்தான் அதுவும். உள்ளே அழுத்தம் கூடினால் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்காது. ஏறக்குறைய 120 டிகிரி வரை தாங்கும். மூடியின் ரப்பர் வளையம் காய்ந்துபோனால் அழுத்தம் நிற்காது. தண்ணீர் 100 டிகிரியிலேயே பொங்கி வெளியேறும். மிகக் குறைந்த விலை உறுப்பு. இதை மாற்றாமல் ரேடியேட்டரை இறக்கிக் கழுவுகிறவர்கள் உண்டு.

இரண்டாவது, தண்ணீர். போர்வெல் தண்ணீரில் வாட்டர் ஹீட்டரின் சுருள் ஆறு மாதத்தில் எப்படிச் சுண்ணாம்பு பூசிக்கொள்கிறது என்று பார்த்திருப்பீர்கள். அதே தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றினால் உள்ளே இருக்கும் மெல்லிய குழாய்களில் அதே பூச்சுதான். கூலன்ட் என்னும் பச்சை, சிவப்பு நிறத் திரவம் குளிர் தேசத்துக்காரர்களுக்கு மட்டும் வேண்டியது என்று சொல்கிற மெக்கானிக்குகள் இன்னமும் இருக்கிறார்கள். உறையாமல் காப்பது அதன் ஒரு வேலை. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் அதன் மற்ற வேலைகள், நமக்கு வேண்டியவை. டப்பாவில் சொன்ன அளவில் பேட்டரித் தண்ணீரில் கலந்து ஊற்றுவது உத்தமம்.

மூன்றாவது, தெர்மோஸ்டாட். எஞ்சின் சூடாகும் வரை தண்ணீரை ரேடியேட்டருக்கு விடாமல் தடுத்து, 80 டிகிரிக்கு மேல் திறக்கும் வால்வு. "நம் ஊர் வெயிலுக்கு இது எதற்கு?" என்று கழற்றி எறிந்துவிடுவது நாடெங்கும் உள்ள பழக்கம். தம்பியின் வண்டியிலும் அது இல்லை. அது இல்லாத எஞ்சின், ஓட்டத்தில் வேண்டிய சூட்டுக்கு வராமல் பெட்ரோலை அதிகம் குடிக்கும், எண்ணெயும் கெடும். கொதிப்பும் இதனால் தீராது, ஏனென்றால் நோய் வேறிடத்தில் இருக்கிறது. அவர் வண்டியில் நோய், ரேடியேட்டர் காற்றாடியின் ரிலே. குளிர்ந்த நேரத்தில் வேலை செய்யும். வெயிலில் பானெட்டுக்குள் சூடேறினால் சில சமயம் ஒட்டாது. மெக்கானிக் காலையில் பார்த்தபோதெல்லாம் காற்றாடி சுற்றியது, ஆகவே "சரியாக இருக்கிறது" என்றார். மேலும், அந்த எஞ்சினில் தண்ணீர் பம்பைச் சுழற்றுவதும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றும் அதே பெல்ட்தான். தளர்ந்த பெல்ட் ஒன்று பேட்டரியையும் பட்டினி போட்டு எஞ்சினையும் சுட்டது. மூடி, ரிலே, தெர்மோஸ்டாட், இரண்டு ரப்பர் குழாய், கூலன்ட் எல்லாம் சேர்ந்து ரூ. 4,600.

வழியில் சூட்டு முள் ஏறினால் ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துக் காற்றாடியை முழு வேகத்தில் போடுங்கள். மே மாதத்தில் இதைச் செய்தால் உள்ளே இருப்பவர்கள் உங்களைத் திட்டுவார்கள். ஆனால் ஹீட்டர் என்பது ஒரு குட்டி ரேடியேட்டர். எஞ்சினின் சூட்டை அது வாங்கிக்கொள்ளும். ஓரம்கட்டி நிறுத்தும் வரை தாங்கும். நிறுத்தியபின் அரை மணி, முக்கால் மணி நேரத்துக்கு மூடியைத் தொடவே கூடாது. குக்கரின் மூடியை வெயிட் போடு முன் திறப்பார்களா? இன்னும் ஒன்று: டாஷ்போர்டில் எண்ணெய் விளக்கோ சூட்டு விளக்கோ சிவப்பாக எரிந்தால், "இன்னும் இரண்டு கிலோமீட்டர்தானே வீடு" என்று ஓட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். ரயில்வேயில் சிவப்பு சிக்னலைத் தாண்டியவர் மறுநாள் வண்டி ஓட்டமாட்டார். இங்கே அந்த இரண்டு கிலோமீட்டரில் எஞ்சின் இறுகிவிட்டால் வண்டியின் விலையே போய்விடும்.

மூன்றாவது பழுது, சிக்னலில் அணைந்துபோவது. இதன் காரணம் வண்டியில் பாதி, பழக்கத்தில் பாதி. கையில் காசு குறைவாக இருக்கும்போது இருநூறு, முந்நூறு ரூபாய்க்கு மட்டும் பெட்ரோல் போட்டு, முள் எப்போதும் அடியிலேயே இருக்கும்படி ஓட்டுவது நம்மில் பலருக்கு வழக்கம். கார்புரேட்டர் காலத்தில் அதனால் பெரிய கெடுதல் இல்லை. இன்றைய இன்ஜெக்‌ஷன் வண்டிகளில் பெட்ரோல் பம்ப் டேங்குக்குள்ளேயே, பெட்ரோலில் மூழ்கி இருக்கிறது. அதைக் குளிர வைப்பதும் அதே பெட்ரோல்தான். எப்போதும் ரிசர்வில் ஓட்டினால் பம்ப் சூடாகி ஆயுள் குறையும். அடியில் தங்கிய கசடும் உறிஞ்சப்படும். தம்பிக்குப் பம்பும் ஃபில்டரும் சேர்ந்து ரூ. 4,200 ஆயிற்று. மாதம் முழுவதும் போடப் போகும் அதே பெட்ரோலை, கால் டேங்குக்குக் கீழே இறங்காமல் போட்டுக்கொண்டிருந்தால் கூடுதலாகச் செலவு ஏதும் இல்லை, ஒரே ஒரு தடவை முன்பணம்போல் கொஞ்சம் போட வேண்டும், அவ்வளவே.

பெட்ரோல் பற்றி இன்னொரு சேதி. 2025-லிருந்து நாடெங்கும் பங்குகளில் கிடைப்பது 20 சதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய வண்டிகள் இதற்காகச் செய்யப்பட்டவை அல்ல. இப்படிப்பட்ட கார்களில் மைலேஜ் 6 முதல் 7 சதம் வரை குறையலாம் என்று 2021-இல் நிதி ஆயோக் வெளியிட்ட திட்ட அறிக்கையே சொல்லியிருக்கிறது. எத்தனால் பழைய ரப்பரைக் கெடுக்கும், ஈரத்தையும் இழுக்கும். ஆகவே பெட்ரோல் போகும் ரப்பர் குழாய்களை வருஷம் ஒரு தடவை விரலால் அழுத்திப் பார்த்து, வெடிப்போ பிசுபிசுப்போ இருந்தால் மாற்றிவிடுங்கள். வண்டிக்குள் பெட்ரோல் வாசனை வந்தால் அன்றைக்கு வண்டியை எடுக்கவே கூடாது.

நிற்க. இந்த மூன்று பழுதுகளும் தீர்ந்தபின், அவர் கேட்காத ஒன்றை நான் கேட்டேன்: "டைமிங் பெல்ட் எப்போது மாற்றியது?" தெரியவில்லை என்றார். தெரியாது என்றால் மாற்றப்படவில்லை என்றே கொள்ள வேண்டும். எஞ்சினின் மேல்பாகத்தையும் கீழ்பாகத்தையும் ஒரே தாளத்தில் சுழற்றும் பல் வைத்த ரப்பர் பட்டை இது. அறுந்தால் வண்டி அந்த இடத்திலேயே நிற்கும்; சில எஞ்சின்களில் வால்வுகள் பிஸ்டனில் மோதி வளைந்து, செலவு வண்டியின் விலையில் பாதியைத் தொடும். அறுவதற்கு முன் சத்தமும் கொடுக்காது. மாருதி 800, பழைய 800 சி.சி. ஆல்டோ, பழைய சான்ட்ரோ முதலியவற்றில் பெல்ட். 2010-இல் வந்த ஆல்டோ கே10 போன்றவற்றில் செயின். பெல்ட் என்றால் கையேட்டில் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். ஓடாமல் நின்றிருந்தாலும் ரப்பருக்கு வயசாகும் என்பதை மறக்கக் கூடாது. டென்ஷனர், எண்ணெய் சீல், தண்ணீர் பம்ப் எல்லாவற்றையும் அதே கூலியில் முடித்துக்கொண்டது ரூ. 6,900. நல்ல வண்டிக்கு வீண் செலவு என்று அவர் மனைவி வருத்தப்பட்டார். கழற்றிய பெல்ட்டின் வெடிப்புகளைக் கையில் கொடுத்துக் காட்டிய பிறகு ஒன்றும் சொல்லவில்லை.

பணம் குறைவாக இருக்கும்போது எதை முதலில் செய்வது என்பதே பெரிய கேள்வி. நான் நோட்டுப் புத்தகத்தில் மூன்று பத்தி போடச் சொல்வேன்: உயிர், வழி, வசதி. பிரேக், டயர், ஸ்டியரிங், முன் சக்கர பால் ஜாயின்ட், விளக்கு இவை உயிர். பேட்டரி, கொதிப்பு, பெல்ட், பெட்ரோல் பம்ப் இவை வழியில் நிறுத்துபவை. ஏ.சி., ஜன்னல் கண்ணாடி மோட்டார், பெயின்ட், பாட்டுப் பெட்டி, பம்பரில் விழுந்த குழி இவை வசதி. நம்மவர்கள் பலர் ஏ.சி. காஸுக்கு உடனே பணம் கொடுத்துவிட்டு, பிரேக்கை அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்கிறார்கள். ரயில்வேயில் பிரேக் பவர் சர்டிபிகேட் இல்லாமல் வண்டி நகராது. பெட்டிகளில் மின்விசிறி சுற்றாவிட்டால் பயணிகள் சத்தம் போடுவார்கள், வண்டி போய்ச் சேரும்.

பிரேக்கைச் சோதிக்க வீட்டு வாசலே போதும். எஞ்சினை அணைத்து, பெடலை நாலைந்து தடவை அழுத்தி விறைப்பானதும் காலை எடுக்காமல் ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் கொஞ்சம் தானாகக் கீழே இறங்கினால் பூஸ்டர் வேலை செய்கிறது. அழுத்திய கால் மெல்ல மெல்லத் தரைவரை போனால் எங்கோ கசிவு, வண்டியை எடுக்காதீர்கள். பிரேக் எண்ணெய் ஈரத்தை உறிஞ்சும் சுபாவம் உள்ளது, ஆகவே கறுத்துப் போகுமுன் இரண்டு வருஷத்துக்கு ஒரு தடவை மாற்ற வேண்டும். இருபது கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தியதும் ஒவ்வொரு சக்கரத்துக்கும் அருகே உள்ளங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒன்று மட்டும் மற்றவற்றைவிட அனலடித்தால் அதில் பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது, அல்லது பேரிங் போகிறது. ஸ்டேஷனில் வண்டி நின்றதும் ஆக்ஸில் பெட்டிகளின் சூட்டைக் கையால் பார்த்துக்கொண்டே நடப்பார்களே, அதே சோதனைதான். காசு செலவில்லை.

டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நாலு எண் இருக்கும். 3218 என்றால் 2018-ஆம் வருஷத்து 32-வது வாரம் செய்தது. பள்ளம் நிறைய இருக்கிறதே என்று பத்து வருஷ டயரை நம்பி, நாக்பூரிலிருந்து மும்பை போகும் சம்ருத்தி விரைவுச் சாலையில் ஏறக் கூடாது. 701 கிலோமீட்டர், 2025 ஜூனில் முழுவதும் திறந்துவிட்டார்கள். கான்கிரீட் தரை, மணிக்கணக்காக ஒரே வேகம். காற்று குறைந்த டயர் ஒவ்வொரு சுற்றிலும் மடங்கி மடங்கிச் சூடாகித்தான் வெடிக்கிறது. "வெயில் காலம், காற்றைக் குறைத்து வையுங்கள்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போன டயர் சட்டப்படியும் செல்லாது. தம்பிக்கு இரண்டு டயரும் பின் பிரேக் ஷூவும் சேர்ந்து ரூ. 9,400. ஆக எட்டு மாதத்தில் மொத்தம் ரூ. 26,900. வண்டி அதற்கப்புறம் நிற்கவில்லை. ஏ.சி. இன்னமும் சுமார்தான், இடது பின் கண்ணாடி இறங்காது. இருக்கட்டும்.

பாகங்கள் வாங்குவதில் எங்கே மிச்சம் பிடிக்கலாம்? டில்லி மாயாபுரி, கல்கத்தா மல்லிக் பஜார், சென்னை புதுப்பேட்டை போன்ற இடங்களில் கிடைக்கும் பழைய கதவுப் பிடி, பக்கக் கண்ணாடி, விளக்குக் கூடு, சீட் இவற்றைத் தாராளமாக வாங்கலாம். பிரேக் பேடு, ரப்பர் குழாய், பெல்ட், பால் ஜாயின்ட், பெட்ரோல் பம்ப் இவற்றில் பழசும் வேண்டாம், பெயர் தெரியாத மலிவு சரக்கும் வேண்டாம். மெக்கானிக்கிடம் மூன்று பழக்கங்கள் வைத்துக்கொள்ளுங்கள்: எதை அளந்து இந்த முடிவுக்கு வந்தீர்கள் என்று மரியாதையாகக் கேட்பது, ஒரு தடவைக்கு ஒரு பாகம் மட்டும் மாற்றுவது, கழற்றிய பாகத்தைக் கையில் வாங்கிக்கொள்வது. மூன்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது குணப்படுத்தியது என்று யாருக்கும் தெரியாது. நல்ல மெக்கானிக் இந்தக் கேள்விகளுக்குக் கோபப்படமாட்டார். கோபப்படுகிறவரிடம் அடுத்த தடவை போக வேண்டாம்.

வெளிமாநிலத்தில் பிழைக்கும் நமக்குக் காகிதங்கள் வேறு. தமிழ்நாட்டுப் பதிவு எண் உள்ள வண்டியைக் கொண்டுவந்து 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மோட்டார் வாகனச் சட்டம் 47-ஆம் பிரிவின்படி இங்கே மறுபதிவு செய்ய வேண்டும். அதற்குப் பழைய ஆர்.டி.ஓ.விடமிருந்து படிவம் 28-இல் ஆட்சேபம் இல்லை என்ற சான்று. இங்கே சாலை வரி புதிதாகக் கட்ட வேண்டியிருக்கும். ஆகவே உறவினர் சும்மா கொடுக்கிறார் என்று ஊரிலிருந்து பழைய காரை ஓட்டிவரு முன் இந்தச் செலவைக் கூட்டிப் பாருங்கள். சில சமயம் இங்கேயே ஒன்று வாங்குவது மலிவு. சொந்தக் கார்ப் பதிவு 15 வருஷம் செல்லும். பிறகு தகுதிச் சோதனைக்குப்பின் ஐந்தைந்து வருஷமாக நீட்டிக்கலாம். 2022 ஏப்ரலிலிருந்து அதற்கான மத்திய அரசுக் கட்டணம் ரூ. 5,000, 20 வருஷம் தாண்டிய கார்களுக்கு 2025 ஆகஸ்டில் ரூ. 10,000 ஆக்கினார்கள். மகாராஷ்டிரத்தில் சுற்றுச்சூழல் வரியும் சேரும். டில்லி வட்டாரத்துக்கு மாற்றலாகிறவர்கள் பழைய வண்டியோடு போகுமுன் அங்குள்ள வயது வரம்பு விதிகளைத் தனியாக விசாரிக்க வேண்டும். இன்ஷூரன்ஸில் மூன்றாம் நபர் காப்பு கட்டாயம். நம் வண்டிக்கான சேதக் காப்பு நம் விருப்பம். மதிப்பு மிகக் குறைந்த வண்டிக்கு அதை விட்டுவிடலாம் என்பது என் எண்ணம்.

இனி, வைத்துக்கொள்வதா தள்ளிவிடுவதா என்ற கேள்வி. இதுவரை எவ்வளவு கொட்டினோம் என்பதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது போன பணம். "ரிப்பேர் செலவு வண்டி விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடு" என்பார்கள். அது எனக்குச் சரியாகப் படவில்லை. வண்டியின் விலை ரூ. 70,000, ரிப்பேர் ரூ. 36,000 என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பதில் வேறு கார் வாங்கினால் மாதம் ரூ. 7,500 தவணை, வருஷத்துக்கு ரூ. 90,000. வரும் ஒரு வருஷத்தில் இது எவ்வளவு, அது எவ்வளவு என்பதுதான் ஒப்பீடு. ஆனால் சில நோய்களுக்குக் கணக்கே வேண்டாம். சஸ்பென்ஷன் உட்காரும் இடத்திலும் அடித்தளத்திலும் துரு தின்று ஓட்டை விழுந்திருந்தால், எண்ணெய் மூடியைத் திறந்தால் உள்ளே மோர்போல் வெளுத்துத் தண்ணீரும் எண்ணெயும் கலந்திருக்க, கூடவே நீலப் புகையும் அடித்தால், விட்டுவிடுங்கள்.

விடும்போதும் ஜாக்கிரதை. விற்றால் படிவம் 29, 30 கையெழுத்தாகிப் பெயர் மாறும் வரை உங்கள் பெயரிலேயே வண்டி இருக்கிறது. பதிவுப் புத்தகத்தில் யார் பெயரோ அவரே விபத்து நஷ்ட ஈட்டுக்குப் பொறுப்பு என்று உச்ச நீதிமன்றம் 2018-இல் சொல்லியிருக்கிறது. மாற்றலாகி வேறு ஊர் போகும் அவசரத்தில் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்துவிட்டு ரயிலேறுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். இரும்புக் கடைக்குப் போடுவதானால் அரசு பதிவு பெற்ற உடைப்பு நிலையத்தில் கொடுத்து ஒப்படைப்புச் சான்றிதழ் வாங்குங்கள். பதிவை ரத்துச் செய்ய அது உதவும். புதுச் சொந்தக் கார் வாங்கினால் சாலை வரியில் 25 சதம் வரை சலுகை தர 2021 விதிகளில் இடம் உண்டு.

நோட்டுப் புத்தகம் சாதாரண நாற்பது பக்க நோட்டு போதும். தேதி, கிலோமீட்டர், என்ன தொல்லை, எந்த நேரம், வெயிலா மழையா, எஞ்சின் சூடா குளிரா, என்ன அளந்தோம், என்ன மாற்றினோம், எவ்வளவு. வாரம் ஒரு தடவை டிப்ஸ்டிக்கை இழுத்து எண்ணெய் அளவையும் எழுதுங்கள். பழைய எஞ்சின் எண்ணெய் குடிக்கும், எவ்வளவு குடிக்கிறது என்பது தெரிந்திருக்க வேண்டும். மாதம் ஆயிரம் ரூபாயோ முடிந்ததோ வண்டிக்கென்று தனியே போட்டுவைத்து, அதன் கணக்கைக் கடைசிப் பக்கத்தில் எழுதுங்கள். சங்கத்தின் அடுத்த மாதக் கூட்டத்தன்று கூட்டத்துக்கு ஒரு மணி நேரம் முன்னதாகவே வந்து வாசலில் இருப்பேன். மீட்டரைக் கொண்டுவருகிறேன். அளந்து பார்க்க விரும்புகிறவர்கள் வண்டியை முந்தின இரவிலிருந்து எடுக்காமல் வைத்து, காலையில் பேட்டரி வோல்ட்டை வீட்டிலேயே ஒரு தடவை குறித்துக்கொண்டு வந்தால் வேலை சுலபமாகும். மீட்டர் இல்லாதவர்கள் பில்களை மட்டுமாவது தேதிவாரியாக அடுக்கி எடுத்து வாருங்கள்.